பிந்தி வந்த கிதார்

பாட்டு தொடங்கிய பதினாலாவது நொடியில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். இருபதாவது நொடியில் கையைத் துடைத்தாள். முப்பதாவது நொடியில், ஆளில்லாத அடுப்படியைப் பார்த்து, "எவன்டா இதைப் பண்ணினவன்?" என்று கேட்டாள்.

அது அவளுடைய பாட்டுதான். அவளும் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்றே நாளில் பதிவு செய்த இசைத்தட்டின் முதல் பாட்டு. ஜாஸும் ராக்கும் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃப்யூஷன். பதினோரு அடிக்கு ஒரு சுற்று, எடுத்த எடுப்பிலேயே தலைதெறிக்கிற வேகம். அதை மெருகேற்றி மறுபடியும் வெளியிடப்போகிறோம், கடைக்குப் போகுமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள் என்று கம்பெனி அன்று காலையில்தான் அனுப்பியிருந்தது.

மெருகு என்றால் தூசி தட்டுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரைச்சலைக் குறைப்பார்கள், பாஸ் கிதாரைக் கொஞ்சம் தூக்கி விடுவார்கள். இவர்கள் அவளுடைய கிதாரையே தூக்கி வேறு இடத்தில் வைத்திருந்தார்கள்.

அவளுடைய பேரும் புகழும் நின்றதே ஓர் இமைப்பொழுது பிந்தலின் மேல்தான். பழைய இசைத்தட்டில் டிரம்ஸின் அடி முதலில் விழும். அதற்கு ஒரு மயிரிழை பின்னால் இவள் கம்பி பேசும். முதலில் கேட்கிறவனுக்கு, விழப்போகிறவளைப் பிடிக்கக் கை நீட்டலாமா என்றிருக்கும். விழவே மாட்டாள். அந்தப் பிந்தலுக்காகவே ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். பதினோரு இசைத்தட்டு போட்டாள். ஒரு இசைக் கல்லூரியில் அதற்கென்று ஒரு பாடமே இருந்தது. பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எப்படிப் பிந்துவது என்று படித்தார்கள். ரசிகர்கள் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பேர் வைத்தார்கள். கோபத்தில் இதுவரை மூன்று டெலிபோனையும் ஒரு கண்ணாடிக் கதவையும் உடைத்திருக்கிறவளுக்கு அப்படி ஒரு பேர்.

இந்தப் புதுப் பதிவில் ஒவ்வொரு சுரமும் அடியின் தலைமேல் போய் உட்கார்ந்திருந்தது. கேட்கச் சுத்தமாக இருந்தது. தையல் மெஷின்கூடச் சுத்தமாகத்தான் ஓடும்.

அவள் பாதி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

மெருகேற்றும் ஸ்டுடியோ, மேசை நாற்காலி விற்கிற கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறியதில் மூச்சு வாங்கியதே தவிர கோபம் இறங்கவில்லை. உள்ளே ஒலிப்பதிவாளர் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசுக்காரி. இவளைப் பார்த்ததும் வாயில் பிஸ்கட்டோடு எழுந்து நின்றாள்.

"மேடம்! நீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே..."

"என் கிதாரை யார் தொட்டது?"

ஒலிப்பதிவாளர் பிஸ்கட்டை விழுங்கினாள். "நான்தான் மேடம்."

"எந்த தைரியத்துல?"

"எனக்குத் தைரியமெல்லாம் இல்ல மேடம். எனக்கு வந்த லெட்டர்ல இருந்தபடி பண்ணினேன். குழுவில யார் திருத்தம் சொன்னாலும் சம்மதம்னு நீங்க போட்ட கையெழுத்தும் அதுகூடவே வந்திச்சு."

அப்படி ஒரு காகிதம் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பெட்ரோல் போடும் இடத்தில் கார் பானட் மேல் வைத்து, படிக்காமலே போட்ட கையெழுத்து. தன் மேலேயே வந்த எரிச்சலையும் சேர்த்து எதிரே நின்றவள் மேல் கொட்டினாள்.

"லெட்டர் சொன்னா என்னத்தை வேணா பண்ணிடுவியா? கிதாரைக் கொண்டுபோய் டிரம்ஸ் மேல ஒட்டியிருக்கே. சரி, டிரம்ஸை எவ்வளவு நகர்த்தினே? அதையும் சொல்லு. அவன் ஓடினதையும் இழுத்துப் பிடிச்சிருப்பியே!"

"டிரம்ஸைத் தொடவே இல்ல மேடம்."

"பொய் சொல்லாதே."

"தொட வேண்டிய அவசியமே வரலை. நீங்களே கேளுங்க."

ஒலிப்பதிவாளர் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் ஓட விட்டாள்.

இருபத்துமூன்று வருஷத்தில் அவள் அதைத் தனியாகக் கேட்டதே இல்லை. பாஸும் பியானோவும் தன் கிதாரும் இல்லாமல் தம்பி மட்டும் வாசித்தான், ஆறு நிமிஷம். பத்தொன்பது வயசுப் பையனின் கை. நூல் பிடித்துக் கட்டின சுவர் மாதிரி அடி நின்றது. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு கைக்கும் இரண்டு வேறு கணக்கை வைத்துக்கொண்டு விளையாடிவிட்டு, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தான். எங்கேயும் ஓடவில்லை.

"இப்ப இதைப் பாருங்க," என்று ஒலிப்பதிவாளர் திரையைக் காட்டினாள். மேலே டிரம்ஸ், கீழே அவளுடைய பழைய கிதார். பதிவு செய்த அன்று கிதாரின் ஒலிபெருக்கியைக் கழிப்பறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அதனால் கிதார் மற்ற மைக்குகளில் கலக்காமல் தனியாகப் பதிவாகியிருந்தது. நகர்த்துகிறவளுக்கு வசதியாகப் போயிற்று. "பாட்டு முழுக்க நொடியில இருபதில் ஒரு பங்கு பின்னாடி வர்றீங்க மேடம். சில இடத்துல அதுக்கும் மேல. வேகமான இடத்துல கூடுது, மெதுவான இடத்துல..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். திரையைப் பார்த்தபடியே, "அதுவும் ஒரு அழகுதான் மேடம்," என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது. அதை மறைக்க இன்னும் உரக்கக் கேட்டாள்: "லெட்டர் எழுதினது யாரு?"

ஒலிப்பதிவாளர் அந்த லெட்டர் இருந்த ஃபைலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். நாலு பக்கம். எந்தச் சுற்றில், எந்தச் சுரம், எவ்வளவு பின்னால் என்று வரிசையாக எழுதி, கடைசியில் கையெழுத்து. அவளுக்குக் கையெழுத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த உருட்டி உருட்டி எழுதுகிற எழுத்தை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

தம்பி.

தம்பி டிரம்ஸுக்கு வந்த கதையில் அவனுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பதினாறு வயசில் அவளுக்கு ஒரு டிரம்மர் தேவைப்பட்டது. வீட்டில் எட்டு வயசில் ஒரு தம்பி சும்மா இருந்தான். பிஸ்கட் டின்னில் ஆரம்பித்தான். மூன்றே வருஷத்தில் அவள் தேடிக்கொண்டுவரும் இசைத்தட்டுகளில் இருந்த டிரம்மர்களை எல்லாம் அப்படியே வாசித்துக் காட்டினான். பதினேழு வயசில் அந்தப் பதினோரு அடிப் பாட்டை அவனே கட்டினான்.

அப்புறம் இசைத்தட்டு வந்தது. பேர் பெற்ற பத்திரிகை ஒன்றில் விமர்சனம் வந்தது. கிதாரை வானளாவப் புகழ்ந்துவிட்டு விமர்சகர் கடைசியில் எழுதியிருந்தார்: 'டிரம்மர் மட்டும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் ஓடுகிறார். நல்லவேளை, கிதார் கூடவே ஓடவில்லை.' கிதார் பிந்தினால் டிரம்ஸ் முந்துகிற மாதிரிதான் காதில் விழும். பாட்டை நடத்துகிறவள் பக்கம்தானே காது போகும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அதைப் படித்து அவள் சிரித்தாள். சிரித்ததோடு விடவும் இல்லை.

அதெல்லாம் காரில் போகும்போது ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் ஆத்திரத்துக்கு ஞாபகம் எல்லாம் விறகு. தம்பியின் கடைக்கு முன்னால் காரைக் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

தம்பி டிரம்ஸை விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. இப்போது காது சோதித்துக் கருவி மாட்டிவிடுகிற நிலையம் வைத்திருந்தான். முன்னறையில் நாலு பேர் காத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஒரு பெரியவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"எந்திரிச்சு வாடா வெளியே!" என்றாள் அவள்.

"கத்தாதே அக்கா. காது கேக்காதவங்க உக்காந்திருக்காங்க."

"காது கேக்காதவங்க இருக்கிற இடத்துல கத்தினா என்ன?"

"எல்லாரும் மெஷின் மாட்டியிருக்காங்க!"

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். தம்பி அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை அறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்தினான். இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற பெட்டி அது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கனத்த கதவு. ஒரு பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல். வெளியே இருப்பவர்களுக்கு இவர்கள் வாய் அசைவது தெரியும், ஒரு சொல் கேட்காது.

"இப்ப கத்து," என்றான்.

"அதுக்குப் பதிலா நீ என் கையை வெட்டியிருக்கலாம்டா."

"உன் கையை நான் ஒண்ணும் பண்ணல. அது எங்க இருக்கணுமோ அங்க கொண்டுபோய் வெச்சேன்."

"எங்க இருக்கணும்னு சொல்ல நீ யாருடா?"

"டிரம்மர்."

அந்த ஒற்றைச் சொல்லோடு அவன் விடவில்லை.

"ரயிலைப் பிடிக்கப் போறேன்னு ஒருத்தன் எழுதினான். எழுதிட்டுப் போறான். அவனை எனக்குத் தெரியாது, என்னை அவனுக்குத் தெரியாது. நீ என்ன பண்ணினே? மேடையில மைக்கைப் பிடிச்சு, 'டிரம்ஸ்ல என் தம்பி, அவனுக்கு ரயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் கை தட்டிடுங்க'ன்னே. ஜனங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுக் கும்பிட்டேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா? ஏழு வருஷம்!"

"அது விளையாட்டுக்குச் சொன்னது."

"உனக்கு விளையாட்டு. எவனாவது என்னை வாசிக்கக் கூப்பிட்டானா? சொந்த அக்காவே ஓடறான்னு சொல்றா, அவனை வெச்சு எவன் மாரடிப்பான்? எனக்கே என் மேல சந்தேகம் வந்திடுச்சு. ஒரு வருஷம் பூரா டிக் டிக்னு அடி காட்டற தாளக் கருவியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்கினேன். நடக்கறப்போ அடியை எண்ணினேன். மெல்லறப்போ பல்லை எண்ணினேன். கடைசியில இது ஏதோ வியாதின்னு நினைச்சு விட்டுட்டேன். மூணு மாசம் முன்னாடி கம்பெனிக்காரன் பழைய பதிவை வாத்தியம் வாத்தியமாப் பிரிச்சு எல்லாருக்கும் அனுப்பினான். நீ கேக்கல. நான் கேட்டேன். அளந்து பார்த்தேன். நான் ஓடலை அக்கா. ஒரு இடத்துலகூட ஓடலை."

ஜன்னலுக்கு வெளியே நாலு பேரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜாஸ் என்ன கட்டில் மெத்தையாடா, அளந்து பார்க்க?" என்றாள் அவள். "குழுவுக்குத் தலைவி நான். கடைசி வார்த்தை என்னுதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. நாளைக்கே பழையபடி வெக்கச் சொல்லப்போறேன்."

"வெச்சுக்கோ. ஸ்டுடியோவுக்குப் போயிட்டுத்தானே வர்றே? என்னைத் தனியாக் கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்திச்சு?"

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. முடியவில்லை. "நேரா இருந்திச்சு," என்றாள்.

"அப்போ பேட்டியில எல்லாம் சொல்ற மாதிரி இப்ப எங்கிட்ட சொல்லு. வேணும்னேதான் பிந்தினேன், அது என் பாணின்னு சொல்லு. கேக்கறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயசு. காதோரம் நரை. கோபத்தில் மேலுதடு நடுங்குவது மட்டும் எட்டு வயசிலிருந்து மாறவே இல்லை. இருபத்துமூன்று வருஷமாக மடியில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பு, அவிழ்க்காமலே விழுந்தது.

"வேணும்னு இல்லடா. வரலை."

"என்ன வரலை?"

"அந்த வேகம். என் விரலுக்கு வரலை. நீ கட்டின பாட்டு, நீ வாசிச்சுட்டே. அவங்க ரெண்டு பேரும் வாசிச்சுட்டாங்க. எனக்குத்தான் வரலை. நான் தலைவி, எப்படி வாயைத் திறந்து மெதுவாப் போங்கன்னு கேக்கறது? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். இசைத்தட்டு வெளிய வந்தா மானம் போகும்னு நினைச்சேன். வந்திச்சு. பாணின்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் நிஜமாவே பிந்தறதுக்கு ரெண்டு வருஷம் ஒக்காந்து பழகினேன். பொய்யை உண்மையாக்க."

அவன் முஷ்டியை மடக்கிச் சுவரில் ஓங்கிக் குத்தினான். பஞ்சுச் சுவர், சத்தமே வரவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மறுபடி குத்தினான்.

"இதையும் எங்க வந்து சொல்றே பாரு," என்றான். "சத்தம் வெளிய போகாத பெட்டிக்குள்ள. ஓடறான்னு சொன்னதை மைக்குல சொன்னே. இதை மட்டும் பஞ்சுக்குள்ள சொல்றே. வெளிய சொல்லு அக்கா. சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட பேசு."

கதவைத் திறந்து விட்டான். அவள் வெளியே வந்தபோது பெரியவர் பயந்தபடியே கேட்டார்: "சண்டையாம்மா?"

"ஆமா."

"யார் பக்கம் நியாயம்?"

"அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு நாள் அவள் கிதாரைத் தொடவில்லை. தம்பி சொன்னது நியாயம் என்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை. அநியாயமாகப் பேசியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஐந்தாம் நாள் கம்பெனிக்குப் போனாள். பழைய பதிவை அப்படியே வையுங்கள், ஆனால் உறைக்குள் இதை அச்சடியுங்கள் என்று ஒரு காகிதத்தை மேலாளர் முன்னால் வைத்தாள்.

அதில் இப்படி எழுதியிருந்தது: 'இந்த இசைத்தட்டில் டிரம்ஸ் ஓடவில்லை. கிதார்தான் பிந்தியது. அது பாணி அல்ல. அன்றைக்கு என்னால் அந்த வேகத்தில் வாசிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் என் தம்பி மேல் பழி போட்டு நான் பேர் வாங்கினேன். மேடையில் அவனைக் கேலியும் செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் டிரம்ஸை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.'

மேலாளர் இரண்டு தரம் படித்தார். "மேடம், இதெல்லாம் எதுக்கு? வாங்கறவங்க மனசு ஒடிஞ்சிடும்."

"ஒடியட்டும்."

"கொஞ்சம் பூசி மெழுகிக்கலாமே? 'தாளத்தோட ஒரு உரையாடல்'னு..."

"ஒரு எழுத்து மாத்தினாலும் இசைத்தட்டு வெளிய வராது." மேசைமேல் இருந்த டெலிபோனை அவள் பார்த்த பார்வையில், மேலாளர் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அச்சடித்தார்கள்.

இனி ஊர் காறித் துப்பும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். மேடையில் கேட்பார்கள், கல்லூரிக்காரர்கள் பாடத்தைத் தூக்குவார்கள், தம்பியைத் தேடிப் போய் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கெல்லாம் நெஞ்சைக் கல்லாக்கி வைத்திருந்தாள்.

முதல் விமர்சனம் வந்தது: 'மேதைக்கே உரிய அடக்கம்.' இரண்டாவது: 'வலிந்து தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பெருங்கலைஞர்.' மூன்றாவதைப் படித்தபோது அவளுக்குக் கண் இருட்டியது: 'டிரம்மராகத் தோற்றுப்போன தம்பிக்காக ஓர் அக்கா சொல்லும் அழகான பொய்.' கல்லூரியில் அந்த வாக்கியங்களையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ரேடியோவில் நேரடிப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயாவது கொட்டித் தீர்க்கலாம் என்று போனாள். பேட்டி எடுத்த பெண், குரலில் தேன் வழியக் கேட்டாள்: "தம்பிக்காக இவ்வளவு பெரிய மனசோட..."

"பெரிய மனசு இல்லம்மா. கை வரலை."

"பாருங்க நேயர்களே, இப்பவும் எவ்வளவு அடக்கமா..."

"அடக்கம் இல்லன்னு சொல்றேன்ல! தப்பா வாசிச்சேன். தப்பை அவன் தலையில கட்டினேன். இதுல உனக்கு எது புரியலை?"

அந்தப் பெண் மணி குலுங்கினது போலச் சிரித்துவிட்டு, "இந்த நகைச்சுவை உணர்வுதான் உங்க கிதார்லயும் கேக்குது," என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டாள்.

வெளியே காருக்கு வந்து கதவைத் திறப்பதற்குள் போன் அடித்தது. தம்பி.

"கேட்டேன்," என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "யாரு அக்கா அந்தப் பொண்ணு? அறிவு இருக்கா அவளுக்கு? நீ தொண்டை கிழியச் சொல்றே, நேயர்களேங்கறா!"

"பேப்பர்ல என்ன எழுதியிருக்கான்னு பார்த்தியா? அழகான பொய்யாம்!"

"பார்த்தேன். தோத்துப்போன தம்பியாம். நான் எவன்கிட்ட தோத்தேன்?"

"உண்மையைச் சொன்னாலும் அதையும் எனக்கு மாலையாப் போடறாங்கடா. இவங்களை என்ன பண்றது?"

"ஒருத்தனாவது டிரம்ஸைக் கேட்டானா? கேட்டிருந்தா இப்படி எழுதுவானா?"

கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றபடி அவள் கத்தினாள். அந்தப் பக்கத்தில் அவன் கத்தினான். ஒருவர் திட்டி முடிக்குமுன் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். வண்டி எடுக்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். நடுவில் ஓர் இடத்தில் தம்பி சட்டென்று நிறுத்தினான்.

"உன் மேல இருக்கிற கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல."

"அது வேற, இது வேற."

"தெரியும்டா."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்தப் பத்திரிகைக்காரனுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். வரும்போதே ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தான். ஆறு பக்கத்தை எவன் படிப்பான், இரண்டாகக் குறை என்றாள் அவள். ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன் என்றான் அவன். அதற்கே மத்தியானம் வரைக்கும் சண்டை நடந்தது.